பிள்ளைகள் தூங்கும் நேரத்து வகுப்பு

நான் பார்த்த வேலையை இப்போது நந்தினி பார்க்கிறாள். போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"மேடம், இனிமே நேரடி ஆன்லைன் வகுப்பு கிடையாதாம். எல்லாத்தையும் சின்னச் சின்ன வீடியோவா எடுத்துப் போட்டுடப் போறாங்க. அவங்கவங்க நேரம் கிடைக்கறப்போ பாத்துக்கலாமாம். நீங்க எடுத்த வகுப்போட பதிவு ஏதாவது வெச்சிருக்கீங்களா? முக்கியமா அந்த ஸ்டெல்லாக்கா வகுப்பு."

"அது இல்லம்மா. அழிச்சாச்சு" என்றேன்.

"அழிச்சாச்சா?" என்றாள். "அப்போ என்ன நடந்ததுன்னு எழுதியாவது குடுங்க மேடம். இங்க ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. அடிதடி ஆச்சு, போலீஸ் வந்துச்சுன்னெல்லாம் சொல்றாங்க."

அடிதடி ஆகவில்லை. போலீசும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என்ன வேலை என்று கேட்டால் என் சொந்தக்காரர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தங்கள் வீட்டு முன்னறையிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்பெனி வேனில் ஏறிப் போகும் அம்மாக்கள், கடற்கரைச் சாலை விடுதிகளில் அறை துடைக்கப் போகும் அம்மாக்கள், இவர்கள் எல்லாரும் காலையில் பிள்ளையை அப்படி ஒரு வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஓடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்குத் தொழில் நடத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது இல்லை. முன்னறையில் நடந்தாலும் அது ஒரு தொழில், அதற்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு, பெற்றவர்களிடம் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ள வேண்டியவை உண்டு, என்பதை அவர்களே நம்பும்படி செய்வது.

இதற்கு முன்னால் பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டிட வேலை நடந்த இடங்களில் தொழிலாளர் பிள்ளைகளுக்கான காப்பகங்களில் ஆயாவாகவும் ஆசிரியையாகவும் இருந்தேன். தகரக் கொட்டகையில் தூளி கட்டி, சிமெண்ட் தூசுக்கு ஈரத்துணி மாட்டி, கட்டிடம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து அடுத்த இடத்துக்குப் போவோம். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு நாள் வேண்டும். அங்கிருந்துதான் கோமதி மேடம் என்னைப் பயிற்சி வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

கோமதி மேடம் எங்கள் திட்டத்தின் தலைவி. கூட்டுறவு வங்கியில் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் வாட்ஸ்அப்பில் எழுத மாட்டார், போன்தான் செய்வார். நான் பாடத்துக்குத் தயாரிக்கும் தாள்களை வாங்கிப் படித்து, பென்சிலால் சொற்களை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பித் தருவார். ஒருமுறை 'வாடிக்கையாளர்' என்று நான் எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்திருந்தார்.

"நீங்க பெத்த பிள்ளைய ஒரு வீட்ல விட்டுட்டுப் போறீங்க. அந்த வீட்டம்மா உங்கள வாடிக்கையாளர்னு நினைச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"வேற என்ன மேடம் எழுதறது?"

"உங்க பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்லுவீங்க? அப்படி எழுதுங்க."

வகுப்பு முடிந்ததும் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாடம் முடிந்தது என்றெல்லாம் கேட்க மாட்டார். "இன்னைக்கு யார் பேசவே இல்ல?" அவ்வளவுதான். பெயரைச் சொன்னால், "சரி, நாளைக்குக் கேளுங்க" என்று வைத்துவிடுவார். முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக வகுப்பு நடக்கும்போதே என் காது பேசாதவர்களைத் தேட ஆரம்பித்தது.

கொரோனா வந்து நேரில் கூடுவது நின்றபோது ஆன்லைனுக்கு மாறினோம். அது போன பிறகும் ஆன்லைன் நிலைத்துவிட்டது. அச்சரப்பாக்கத்தில் இருப்பவரும் கோவளத்தில் இருப்பவரும் ஒரே வகுப்பில் உட்கார வேறு வழியில்லை, பிள்ளைகளை விட்டுவிட்டு அவர்களால் பஸ் ஏற முடியாது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் மதிய நேரம்தான் வகுப்பு. ஆரம்பத்தில் பாதிப் பேர் வீட்டு மின்விசிறியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனைத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டுப் பேசுவார்கள். பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்று எல்லாருமே கிசுகிசுப்பார்கள். தொழில் பற்றிய வகுப்பு, ஏதோ ரகசியக் கூட்டம் போல நடக்கும்.

முதல் நாள் வகுப்பில் திருவிடந்தை ஸ்டெல்லா சொன்னது நினைவிருக்கிறது. "பிசினஸ்னா இன்னா மேடம்? நான் இன்னா கடையா வெச்சிகினு கீறேன்? புள்ளைங்கள பாத்துக்கினு கீறேன், அவ்ளோதான்." எல்லாரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானதை 'வாசல் பேச்சு' என்று அழைப்போம். பெயர் கோமதி மேடம் வைத்தது. புதிதாக ஒரு பிள்ளை வந்தால், அது அம்மா இடுப்பில் இருக்கும்போதே, வாசலில் நின்றபடியே பேசி முடித்துவிட வேண்டும். எப்போது திறப்பேன், எப்போது மூடுவேன். காய்ச்சல் கண்டால் என்ன செய்வேன். எந்த நாட்களில் என்னால் முடியாது. பிள்ளையை யாரெல்லாம் வந்து கூட்டிக்கொண்டு போகலாம், அவர்களை ஒருமுறை நேரில் காட்டிவிட்டுப் போ. உன் போன் கிடைக்காவிட்டால் உன்னை எப்படிப் பிடிப்பது. பிள்ளை உள்ளே வந்து விளையாட உட்கார்ந்துவிட்டால் இதையெல்லாம் பேச வாய் வராது. வந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு யாராலும் கறாராகப் பேச முடியாது. அதனால்தான் வாசல்.

இதை வகுப்பில் நடித்துப் பழகுவோம். ஒருத்தி அவசரத்தில் இருக்கும் அம்மா, வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தி வீட்டுக்காரி. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பேசுபவளுக்குக் குரல் எங்கே இறங்குகிறது? இறங்கும் இடம்தான் அவள் பயப்படும் இடம். சிலருக்கு மூடும் நேரத்தைச் சொல்லும்போது இறங்கும். சிலருக்குக் காய்ச்சலில். ஸ்டெல்லாவுக்கு 'யாரெல்லாம் கூட்டிக்கொண்டு போகலாம்' என்பதில் இறங்கியது.

"அத எப்படி மேடம் கேக்கறது? வூட்டு ஆளுங்க யார் வந்தா இன்னா, அவங்க புள்ள. நீ யாரு கேக்கறதுக்குன்னு நெனப்பாங்க இல்ல?"

அவள் தயங்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவின் அப்பா அம்மா மதுராந்தகம் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கேள்வி கேட்கும் இடத்தில் தாங்கள் நிற்கலாம் என்பதே அந்தக் குடும்பத்துக்குப் புதிது. கல்யாணமாகித் திருவிடந்தைக்கு வந்து, கணவன் டிரைவர் வேலைக்குப் போக, அவள் பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். திரும்பத் திரும்ப நடித்தோம். வேடந்தாங்கல் பக்கத்திலிருந்து வந்த முனியம்மா மட்டும் எதிலும் கலந்துகொள்ள மாட்டாள். கோமதி மேடம் 'யார் பேசல' என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது அவள் பெயரைத்தான். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டால், "கேட்டுக்கினுதான் கீறேன் மேடம்" என்பாள்.

ஸ்டெல்லா ஒருவழியாகப் பழகிக்கொண்டாள். அந்த மாதம் அவளிடம் கவிதா என்றொரு பெண் மித்ரா என்ற மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். கவிதா சாலையோர விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்பவள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். வாசல் பேச்சின்போது ஸ்டெல்லா கேட்டிருக்கிறாள். "நானும் எங்கூட ரூம்ல இருக்கற சரளாவும் மட்டுந்தான் வருவோம் அக்கா" என்று கவிதா சொல்லியிருக்கிறாள். போன் கிடைக்காவிட்டால், விடுதி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் சொன்னால் அவர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். அப்பா பற்றிக் கவிதா சொல்லவில்லை. ஸ்டெல்லா கேட்கவும் இல்லை. அது எங்கள் பாடத்தில் இல்லை.

அன்றைக்கு மழைக்காலத்து மதியம். திடீர்க் காய்ச்சல் வந்தால் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லாவின் போன் ஜன்னல் விளிம்பில் பால் பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்தது. அதில் முன்னறையும் கம்பிக் கதவும் தெரிந்தன. பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா எழுந்து போனாள். கதவுக்கு வெளியே இரண்டு ஆண்கள்.

"மித்ரா இங்கதானே கீது?" பெரியவர் கேட்டார்.

"நீங்க யாருண்ணா?"

"நான் அது பெரியப்பன். இவன் அப்பன். ஏழுமலை. புள்ளைய கூப்புடு, ஊருக்கு இட்டுக்கினு போறோம்."

அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவர்களுக்கு. நிலம் உள்ள குடும்பம், ஏழுமலை லாரி ஓட்டுகிறவர் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு சட்டையும், கம்பியைப் பிடித்திருந்த கையும்தான்.

"கவிதா எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே அண்ணா."

"அவ இன்னா சொல்றது? பெத்த அப்பன் வந்து நிக்கறான்."

"அது சரிண்ணா. ஆனா எங்கிட்ட புள்ளைய வுட்டது கவிதா. அது சொல்லாம நான் யார்கிட்டயும் குடுக்க முடியாது."

சொல்லும்போது குரல் இறங்கவில்லை. கதவுக்குள் மாட்டியிருந்த பூட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் கம்பியைத் தட்டினார். "உன் வூட்டு வாசல்ல வந்து நின்னு எங்க வூட்டுப் புள்ளைய கேக்கணும்னு எங்களுக்கு இன்னா தலையெழுத்து? யாருன்னு தெரிஞ்சுதான் பேசறியா?" அதற்குமேல் அவர் சொன்ன வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. அந்த வார்த்தையை ஸ்டெல்லாவின் அப்பா அம்மா கூலி வேலை செய்த இடங்களில் கேட்டிருப்பார்கள். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்று எழுந்து அழ ஆரம்பித்தது.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் செங்கல்பட்டில் என் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். போனுக்குள்ளிருந்து நான் ஏதாவது கத்தினால் அவளுக்கு உதவியா உபத்திரவமா? வகுப்பை நிறுத்திவிடுவதா? கையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஸ்டெல்லா திரும்பினாள். ஜன்னல் பக்கம் பார்த்து, எங்களைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: "தேவகிக்கா, கேட்டுக்கினு கீறியா? கவிதா வேல செய்யற எடம் உனக்குத் தெரியும் இல்ல? கேட்ல செக்யூரிட்டி அண்ணன் கீறாரு. மித்ரா அப்பா வந்துகீறாருன்னு சொல்லி கவிதாவ கூட்டாக்கா."

தேவகி கோவளத்துக்காரி. "இதோ போறேன்" என்று ஒரு குரல் வந்தது. அவள் வீட்டில் இருந்த பிள்ளைகளைக் கொழுந்தன் மனைவி பார்த்துக்கொள்ள, அவள் ஆட்டோ பிடித்துப் போனாள்.

"யார்கிட்ட பேசற?" என்றார் பெரியவர்.

"எங்க வகுப்பு அண்ணா. எல்லாம் என்ன மாதிரி புள்ள பாக்கறவங்க."

"வீடியோ எடுக்கறியா நீ?"

அவர் ஜன்னல் பக்கம் வந்தார். அவர் முகம் திரை முழுவதும் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு குரல் கேட்டது. வகுப்பில் அதுவரை நான் கேட்காத குரல். முனியம்மா.

"அண்ணாத்த, எங்கேர்ந்து வர்றீங்க? அவ்ளோ தூரம் பைக்லியா? மழைல நனைஞ்சிகினு கீறீங்களே. குந்துங்க மொதல்ல. ஸ்டெல்லா, ஒரு நாற்காலி போடும்மா. தண்ணி குடு."

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வழியில் பார்த்த உறவுக்காரரிடம் பேசுவது போல இருந்தது. பெரியவர் போனைப் பார்த்தபடி நின்றார்.

ஸ்டெல்லா பூட்டைத் திறந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே தாழ்வாரத்தில் போட்டுவிட்டு, திரும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். செம்பில் தண்ணீர் எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள். பெரியவர் வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. ஏழுமலை உட்கார்ந்து வாங்கிக் குடித்தார்.

"அண்ணா, நான் உங்ககிட்ட சண்ட போடல" என்றாள் அவரிடம். "நீங்க அப்பா இல்லன்னும் சொல்லல. இட்டுக்கினு போறதுக்கு கவிதா வந்து சொல்லணும். பாக்கறதுக்கு யாரும் சொல்ல வாணாம். புள்ள எழுந்துடுச்சு, பாக்கறீங்களா?"

அவர் தலையசைத்தார்.

மித்ராவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள். தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கன்னத்தில் பாய் தடம். ஏழுமலை நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "குட்டிமா" என்றார். பிள்ளை அவரைப் பார்த்தது. பிறகு ஸ்டெல்லாவின் பின்னால் போய் நின்றுகொண்டது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. கம்பிக்குள் விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் சாலைப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைத்தார்.

கவிதா சீருடையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள், கூடவே தேவகி. அவர்களைப் பார்த்ததும் ஸ்டெல்லா ஜன்னலுக்கு வந்தாள். "மேடம், நான் போன வெச்சிடறேன். அவங்க பேசட்டும்" என்றாள். திரையில் அவள் கட்டம் மறைந்தது.

மீதிப் பேர் அப்படியே இருந்தார்கள். நான் ஏதோ சொல்லி வகுப்பை முடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். கவிதாவும் ஏழுமலையும் பைக் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்களாம். பிறகு அண்ணனும் தம்பியும் பிள்ளையில்லாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கவிதாவும் ஏழுமலையும் ஏன் பிரிந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோமதி மேடத்தின் போனும் வந்தது. எல்லாம் கேட்டார். வழக்கமான கேள்வியை அன்றைக்குக் கேட்கவில்லை.

"மேடம், அவ செஞ்சது சரியா?" என்றேன். அன்று முழுவதும் அதுதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பெற்ற அப்பா. கோர்ட்டு உத்தரவு எதுவும் கிடையாது. தெரிந்த வக்கீலிடம் கேட்டிருந்தேன். 'இரண்டு பக்கமும் வாதாடலாம்' என்று அவர் சிரித்தார். ஸ்டெல்லாவிடமோ பிள்ளையைக் கொடுத்தது அம்மா. அவளை நம்பித்தான் அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள்.

"ஸ்டெல்லா தீர்ப்பு எதுவும் சொல்லலியே" என்றார் கோமதி மேடம். "தீர்ப்பு சொல்ல வேண்டியவங்க வர்ற வரைக்கும் பிள்ளைய பத்திரமா வெச்சிருந்தா. அவ்வளவுதான் அவ வேலை. அதுக்கு மேல போகவும் இல்ல, அதுல குறைக்கவும் இல்ல."

அடுத்த வகுப்பில் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். சட்டப்படி எனக்குத் தெரியாது என்றேன். மேடம் சொன்னதையும் சொன்னேன். பாடத்திலும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். அதுவரை முடியாது என்று சொல்லத்தான் பழக்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, முடியாது என்று சொன்ன ஆளுக்கு எதைத் தர முடியும் என்பதையும் சேர்த்து நடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாற்காலி, தண்ணீர், பிள்ளையின் முகம். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் முனியம்மாவும் ஸ்டெல்லாவும்.

ஆனால் கதை அத்தோடு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. தகராறு நடக்கிற வீடு என்று இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. ஸ்டெல்லாவுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா, பின்தெருவில் இருப்பவர், வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"எனக்கு இந்த பேஜாரே வாணா மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "மீன் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். போயிட்டு வந்தமா, தூங்கனமான்னு கீலாம். அந்தாளு சொன்ன வார்த்த இன்னும் காதுலயே கீது. புள்ளைய குடுத்திருந்தா அந்த வார்த்த வந்திருக்காது இல்ல?"

கோமதி மேடத்திடம் சொன்னேன். மறுநாள் இரண்டு பேரும் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, மாமல்லபுரத்தில் மாறி, திருவிடந்தையில் இறங்கினோம். மேடம் வீட்டுக்காரம்மாவிடம் பேசிச் சரிசெய்வார் என்றுதான் நினைத்திருந்தேன். வழியில் அவர், "ஸ்டெல்லாவே பேசட்டும். நாம பக்கத்துல இருப்போம்" என்றார்.

வீட்டுக்காரம்மா டீ போட்டுக் கொடுத்தார். மேடம் டீயைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்களுக்கு இன்னா பயம்னு சொல்லுங்க."

"ஆம்பளைங்க வந்து கத்தறது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வூட்டுப் பேருதானே வரும்?"

"சரிக்கா. நான் எப்போ தொறக்கறேன், எப்போ மூடறேன்னு சொல்றேன். யார் யார் வந்து போவாங்கன்னு சொல்றேன். கத்தல் ஆச்சுன்னா மொதல்ல யாருக்கு சொல்லுவேன்னும் சொல்றேன். அதுல உங்களுக்கு எது புடிக்கலியோ சொல்லுங்க, மாத்திக்கறேன். எல்லாம் கேட்டுட்டு அப்புறம் காலி பண்ணச் சொன்னீங்கன்னா பண்றேன்."

அது வாசல் பேச்சேதான். பெற்றவர்களிடம் பேசப் பழகியதை வீட்டுக்காரம்மாவிடம் அப்படியே பேசினாள். அந்த அம்மா இடையில் நிறையக் கேள்விகள் கேட்டார். வெளி கேட்டுக்கும் ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும், கத்தல் என்றால் தனக்கும் உடனே சொல்ல வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார். பிறகு, "அன்னிக்கு அந்தாளு உன்ன பேசனத நானும் கேட்டேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றார். காலி செய்வது பற்றி அதற்குமேல் பேச்சு வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மேடத்திடம் கேட்டேன், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டுனு முடிஞ்சிருக்குமே?"

"நாம பஸ் ஏறிடுவோம். அவங்கதானே அங்க இருக்கணும்" என்றார்.

அந்த வகுப்பின் பதிவு விஷயம் இதற்குப் பிறகு வந்தது. வகுப்புகள் எல்லாமே தானாகப் பதிவாகும். திட்டத்துக்குப் பணம் தரும் இடத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு இந்தச் சம்பவம் எப்படியோ தெரிந்து, பதிவைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு மிகவும் நெகிழ்ந்துபோனார். உண்மையாகவே நெகிழ்ந்தார், அவரைக் குறை சொல்லமாட்டேன். "இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கொஞ்சம் வெட்டி, எல்லா மாவட்டத்துக்கும் காட்டலாம்" என்றார்.

கோமதி மேடம் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அதுல அந்தத் தகப்பன் தரையில உக்காந்திருக்காரே, அதையும் காட்டுவீங்களா?"

"முகத்தை மறைச்சிடலாம் மேடம்."

"அவர் ஊர்ல அவர் சட்டைய பாத்தாலே தெரியும். அது அவரோட மோசமான நாள். நம்ம பாடத்துக்கு அதை எடுத்துக்க முடியாது. அந்தப் பொண்ணு அவங்க பேசட்டும்னு போனையே வெச்சிட்டா. நாம மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறதா?"

ஸ்டெல்லாவையும் கவிதாவையும் கேட்டோம். இருவரும் வேண்டாம் என்றார்கள். என் கணினியிலிருந்து நானே அழித்தேன். மேடம் பக்கத்தில் நின்றார்.

நந்தினி, வீடியோவாகப் போடுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. வாசல் பேச்சில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை வீடியோ நன்றாகவே சொல்லும். திரும்பப் போட்டும் பார்க்கலாம். ஆனால் ஸ்டெல்லா திரும்பிப் பார்த்து தேவகிக்கா என்று கூப்பிட்டபோது அங்கே ஒரு தேவகி இருந்தாள். வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வைத்துக்கொள்ள முடியுமா என்று மேலே கேட்டுப் பார். கோமதி மேடமும் ஓய்வு பெற்றுவிட்டார், கேட்க இப்போது நீதான் இருக்கிறாய்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு ஏழுமலை தனியாக வர ஆரம்பித்தார். லாரி இந்தப் பக்கம் வரும் நாட்களில், கவிதாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். தாழ்வாரத்தில்தான் உட்காருவார். முதலில் கம்பிக்கு அந்தப் பக்கம், பிறகு மித்ராவே வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும். பெரியவர் ஒருமுறையும் வரவில்லை. அந்த வார்த்தைக்காக யாரும் ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் ஸ்டெல்லா போன் செய்தாள். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், கவிதா வந்து சொல்லுது, இனிமே மித்ராவ அவரும் இட்டுக்கினு போலாமாம். சனிக்கெழம மகாபலிபுரம் இட்டுக்கினு போயிட்டு சாயந்தரம் வந்து வுட்டுடுவாராம். எனக்கு பயமா கீது. நான் இன்னா பண்றது?"

"கவிதா தானா யோசிச்சு சொல்லுதா, யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"தனியா கூப்ட்டு கேட்டேன் மேடம். தானாதான் சொல்லுது."

"அப்போ உனக்கு என்ன பயம்?"

"தெரில மேடம். திரும்ப வரலன்னா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பிள்ளை கவிதாவுடையது, அவருடையதும்கூட. "கவிதா சொல்லிட்டா. நீ அனுப்பித்தான் ஆகணும்" என்றேன்.

சனிக்கிழமை நடந்ததை ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லிக் கேட்டேன். ஏழுமலை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெளி கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். ஸ்டெல்லா 'உள்ள வாங்கண்ணா' என்று சொன்ன பிறகுதான் தாழ்ப்பாளைத் தொட்டார். மித்ரா செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது. அவர் குனிந்து உட்கார்ந்து, சரியாக மாட்டிவிட்டு, பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். 'இருட்டறதுக்குள்ள வந்துடறேம்மா' என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கவிதாவுக்கு அன்று விடுமுறை. பிள்ளையை ஸ்டெல்லாவிடம் விட்டுவிட்டு, வேண்டுமென்றே தன் அறையிலேயே இருந்துவிட்டாள். ஸ்டெல்லா அவளுக்குப் போன் செய்தாள்.

"இட்டுக்கினு போயிட்டாருன்னு சொன்னேன் மேடம். சரிக்கான்னு சொல்லுச்சு. சாயந்தரம் மறுபடியும் அதுவே போன் போட்டுச்சு. பேசல, அழல, சும்மா லைன்லயே இருந்துச்சு. நானும் வெக்கல. தெருமுனைல பைக் சத்தம் கேட்டுச்சு, புள்ள தூங்கிக்கினு அவரு மேல சாஞ்சிகினு கீது. 'வந்துட்டாங்க கவிதா'ன்னு சொன்னேன். அப்போதான் அது மூச்சு வுட்டது எனக்குக் கேட்டுச்சு."